கூப்பிடுவதற்கு முன் வருகிறவர்

அவரை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. கூப்பிட வேண்டிய நேரம் வருவதற்குள் வந்து நின்றுவிடுவார். தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்தால் லைன்மேனுக்கு முன்னால் அவர் வந்திருப்பார். மாடு சாக்கடையில் விழுந்தால் மாட்டுக்காரனுக்கு முன்னால் அவர் வந்திருப்பார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, இடது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, "என்ன தாயி, இப்பிடி ஆயிட்டு?" என்பார். கேட்கிறவர்களுக்கு அந்தக் குரல் வெல்லமாக இருக்கும். எனக்கு மட்டும் அந்த வெல்லத்தில் மண் கடிபடும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊர் முழுக்கக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார், நான் வேறு எழுத வேண்டுமா? ஊரின் பெயரும் வேண்டாம். குத்துக்கல்வலசையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிக்குள் இடம் வாங்க வக்கில்லாதவர்கள் பிளாட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்து, ஊர் பெருத்துக்கொண்டே போனது. அங்கே அவர் எத்தனை தடவை தலைவராக இருந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், அண்ணாச்சிக்கு அனுபவம் ஜாஸ்தி. அவரும் அதை மறுக்க மாட்டார். "அனுபவம் கடையில விக்காது தாயி. வித்தா ஒனக்கு ஒரு கிலோ நானே வாங்கித் தந்திருப்பேன்லா" என்று சிரிப்பார்.

நான் தையல்காரி. யார் என்ன துணி கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பேன். கடையில் பால் வாங்கினால் விரலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. பட்டாளத்தில் இருக்கிற என் வீட்டுக்காரர், "நீ எங்க சி.ஐ.டி.யில இருக்க வேண்டியவ, தப்பிப் போய் மிஷின்ல உக்காந்துட்ட" என்று போனில் கேலி செய்வார். இருக்கட்டும். இந்த ஒரு மனுசர் விஷயத்தில் என் சந்தேகம் என்னை ஏமாற்றவில்லை.

முதல் தடவை சந்தேகப்பட்டது என் மாமனார் இறந்த அன்று. தென்காசி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. மகனுக்கே இன்னும் போன் கிடைக்கவில்லை, அவர் வடக்கே எங்கோ பனிமலையில் இருந்தார். ஆம்புலன்சில் மாமனாரை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறேன், வாசலில் பந்தல் நிற்கிறது. ஐஸ் பெட்டி வந்திருக்கிறது. நாற்காலி போட்டாயிற்று. பூக்கட்டுகிறவர் வந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் அவர், முதுகில் ஒரு கையோடு.

"நடக்கவேண்டியத நான் பாக்கேன். நீ உள்ள போ தாயி" என்றார்.

அழுகையோடு அழுகையாக எனக்கு ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. பெற்ற பிள்ளைக்குத் தெரியாத சாவு இவருக்கு எப்படித் தெரிந்தது? ஊர்க்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். "அண்ணாச்சிக்கு அப்பிடி ஒரு அனுபவம். மொகத்தப் பாத்தே இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லிருவாவ" என்றார்கள். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்காரர் அவருடைய ஆள். எங்கள் பக்கத்து ஆள் யாராவது முகம் மூடி ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தால் உடனே போன் போய்விடும். கழுகுக்கு மூக்கில் வேர்த்தது போல என்பார்களே, அந்த வேர்வை டீக்கடையில் இருந்து வந்தது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். சுடுகாடு வரைக்கும் வந்தார். என் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை ராத்திரி பகலாக வாசலில்தான் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரிதான் இருந்தார். டீக்கடைக்காரர் சொன்னார் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்தது ஐந்தருவியில் நடந்தது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் குற்றாலம் போவது வழக்கம். வீட்டில் குடத்துத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு அருவி என்றால் கேட்கவா வேண்டும்! அன்று அவரும் தன் ஆட்களோடு வந்திருந்தார். ஆண்கள் பக்கம் நின்று குளித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பெண்கள் பக்கத்துக் கம்பியருகே வந்து கையைத் தலைக்கு மேலே ஆட்டினார்.

"ஏ, எல்லாரும் வெளிய வாங்க! தண்ணி மணம் மாறுது! செம்மண் வாடை அடிக்கி!"

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லாரும் ஓடி வந்தோம். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினார். அருவி பழுப்பாகி, சருகும் கிளையுமாக இரைந்துகொண்டு விழுந்தது. பெண்கள் எல்லாரும் அவர் காலில் விழாத குறை. தண்ணீரை மோந்து பார்த்தே வெள்ளத்தைச் சொன்னவர் என்று அந்த வருஷம் முழுக்கப் பேச்சு.

நான் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு வேறொன்றைப் பார்த்துவிட்டேன். அவருடைய டிரைவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பேண்ட், தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குளிக்க வந்தவன் எவனாவது பேண்டோடு அருவிக்குள் போவானா? கையில் அண்ணாச்சியின் போனைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பிடித்திருந்தார். அருவிக்கு மேலே மலையில் வேலை பார்க்கிற யாரோ ஒருவர் போன் செய்திருக்கிறார். டிரைவர் ஓடிப்போய்க் காதில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் செம்மண் வாடை.

இதைத் தெருவில் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை. "காப்பாத்துனவரப் போய்க் கொற சொல்லுதியே, ஒனக்கு நாக்கு அழுவிரும்" என்றாள் ஒருத்தி. காப்பாற்றினார்தான். இல்லையென்று சொன்னேனா? தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல மாட்டார். மற்றவர்களும் தெரிந்துகொண்டுவிட்டால் அப்புறம் அவர் எதற்கு?

எங்கள் தெருவில் இதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் லாத்தா. பெயர் மும்தாஜ். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் தெருவுக்கே அவர் லாத்தா. புருஷன் சவுதியில் இருந்து அனுப்பியதில் எறும்பு சேர்க்கிற மாதிரிச் சேர்த்து எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டினார். வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டி, அடுப்படியில் ஒன்று, குளியலறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று குழாய் வைத்தார். ஒன்றிலும் தண்ணீர் வராது. வாரத்தில் ஒரு நாள் தெருக்குழாயில் நூல் மாதிரி ஒழுகும். மற்ற நாளெல்லாம் மெயின் தெருவுக்குப் போய்க் குடம் தூக்க வேண்டும். லாத்தாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைக்க முடியாது, கையில் தொங்கவிட்டு, பத்து எட்டுக்கு ஒருதரம் கீழே வைத்து வைத்து வருவார்.

"இந்த வருசமும் தண்ணி வரலன்னா வீட்டப் பூட்டிட்டு கடையநல்லூருக்கே போயிருவேன். தம்பி பொண்டாட்டி மூஞ்சில முழிச்சிக்கிட்டுக் கெடக்க வேண்டியதான். வேற வழி?" என்று ஒருநாள் என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

தேர்தல் வந்தபோது என்னை நிற்கச் சொன்னதும் லாத்தாதான்.

"எனக்கு என்ன தெரியும் லாத்தா? ஜாக்கெட் தைக்கத் தெரியும்."

"அவருக்கு மட்டும் ஆத்தா வயித்துக்குள்ளயே தெரிஞ்சிச்சா? நீ நில்லு. வீடு வீடா நான் போறேன்."

"இடுப்பு வலியோடயா?"

"தண்ணிக்குப் போற காலு ஓட்டுக்குப் போவாதா?"

நின்றேன். எனக்கு மூக்குக்கண்ணாடிச் சின்னம் கிடைத்தது. லாத்தா அந்த இடுப்போடு படி ஏறி இறங்கினார். அண்ணாச்சி என்னைத் திட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் பழக்கம் இல்லை. கோயில் வாசலில் மைக்கைப் பிடித்து, "புதுச் செருப்பு பாக்க நல்லாத்தான் இருக்கும். நாலு எட்டு வச்சா கடிக்கும். பழைய செருப்புக்குத்தான் காலோட கணக்குத் தெரியும்" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் அதே இடத்தில் மைக்கை வாங்கினேன். "நாமெல்லாம் குற்றாலத்துக்காரவுக. தேஞ்ச செருப்பப் போட்டுக்கிட்டுப் பாறையில ஏறுனா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அவரே கூட்டத்தின் ஓரத்தில் நின்று சிரித்தார்.

சொற்ப ஓட்டில் ஜெயித்தேன். என் வீட்டு வாசலுக்கு மாலையோடு முதலில் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். "எதுன்னாலும் கூப்பிடு தாயி" என்றார். கூப்பிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் எங்கள் தெருவுக்கு நூல் மாதிரி வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது. மற்ற தெருக்களுக்கு வருகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் காற்றுதான் வருகிறது. ஒன்றிய அலுவலகத்தில் இருந்து ஓவர்சியர் வந்து பார்த்தார். குழாய் நன்றாக இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, நடுவில் எங்கோ ஒரு வால்வு மூடிக்கிடக்கிறது என்றார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. வரைபடம் எதுவும் இல்லை. பழைய டேங்க் ஆபரேட்டர் செத்துப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த ஆபரேட்டர், "எனக்கு மேல தெரியுத வால்வுதான் தெரியும் அக்கா. பூமிக்குள்ள உள்ளது அண்ணாச்சிக்குத்தான் தெரியும். அவுக காலத்து லைனு" என்றார்.

அவரிடம் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சி காலத்தில்தான் எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடும் போட்டது. வால்வு அதற்கு அடியில்தான் இருக்க வேண்டும். ரோட்டைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்றால், ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், கிராம சபையில் தீர்மானம் போடுங்கள் என்று ஊராட்சிச் செயலர் சொன்னார். மே தினக் கிராம சபைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அண்ணாச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் தீர்மானத்தை வாசிக்க எழுந்ததும் அவரும் எழுந்தார்.

"வெயிலு மண்டையப் பொளக்கி. ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து பேசுவமே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். பேச்சுத்துணைக்குப் போவது போலப் பாதிக் கூட்டம் பின்னால் போய்விட்டது. போனால் போகட்டும் என்று நான் தீர்மானத்தை வாசித்தேன். இருந்தவர்கள் கைதூக்கினார்கள். செயலர் என் காதருகே குனிந்து, "மேடம், குறைஞ்சபட்ச ஆள் இல்லை. செல்லாது" என்றார். அப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீக்கடையில் இருந்து திரும்பி வந்தவர் நடந்ததைக் கேட்டு உச்சுக்கொட்டினார். "அடடா, சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே தாயி." ஒரே ஒரு டீயில் என் தீர்மானத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். அனுபவம் என்றால் என்னவென்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பெரிய வித்தைதான்.

லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. லாத்தா என் கடைக்கு வருவதை நிறுத்தினார். நான் தெருவில் போனால் கதவைச் சாத்துவார். மனசு விட்டுப்போய்விட்டது. ராஜினாமா செய்துவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் போனில் கேட்டு அழுதிருக்கிறேன்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலங்குளம் பஸ் நிற்கிறது, அதற்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் முன்வரிசையில் லாத்தா. இடுப்பு மடங்காது என்பதால் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்காகப் படியேறி ஓட்டுக் கேட்டவர் எனக்கு எதிராக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லாத்தா, எந்திரிங்க" என்று கையைப் பிடித்தேன்.

"தண்ணி எங்கட்டி?" என்றார். வாழ்நாளில் அவர் என்னை அப்படிப் பேசியதில்லை.

போலீஸ் ஜீப் வருவதற்கு முன்னால் அவர் வந்துவிட்டார். முதுகில் ஒரு கை, கழுத்து சாய்ந்திருந்தது. எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "எந்திரிங்கம்மா. பொம்பளப் புள்ளைய ரோட்டுல உக்காந்தா ஊருக்கு அசிங்கம். நான் தண்ணி வரவைக்கேன்" என்றார். டிரைவரிடம் இருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்தார். மறியல் அப்படியே எழுந்து அவர் பின்னால் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள்கூடச் சிலர் இறங்கி வந்தார்கள்.

எங்கள் தெரு முனையில் ஒரு மேடை உண்டு. சிமெண்ட் ரோடு திறந்தபோது கட்டியது. மேடை மேல் கறுப்புக் கல்லில் பொன் எழுத்தில் அவர் பெயர் இருக்கும், திறந்து வைத்தவர் என்று. அந்த மேடைக்கு முன்னால் நின்றார். தன் பெயரை ஒருதரம் வாசிப்பது போலப் பார்த்தார். பிறகு கடப்பாரையை ஓங்கிக் கல்லின் நடுவில் இறக்கினார்.

"ஐயோ!" என்று கூட்டம் சேர்ந்து கத்தியது. கல் இரண்டாகப் பிளந்தது. "என் பேரு இருந்து என்னத்துக்கு? எங்க புள்ளையளுக்குத் தண்ணி வேணும்!" என்று அடுத்த அடி அடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பெண்கள் விம்மினார்கள். எவனோ ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மேடையை உடைத்து முடித்ததும் அடியில் தொட்டி மாதிரி ஒரு குழி தெரிந்தது. உள்ளே வால்வு. ஆபரேட்டர் இறங்கித் திருகினார். தெருக்குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

லாத்தா தெருக்குழாயடியில் நின்று இரண்டு கையாலும் முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷம்தான், எனக்கும் சந்தோஷம்தான். என் கண்ணும் நிறைந்துவிட்டது. எல்லாரும் அவரைத் தோளில் தூக்காத குறையாகக் கூட்டிப் போனார்கள்.

நான் மட்டும் உடைந்த மேடைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முன்பக்கமும் இரண்டு ஓரமும் சிமெண்ட் பூச்சு. பின்பக்கம், சுவரை ஒட்டி, ஆள் கண்ணில் படாத இடத்தில், நான்கைந்து செங்கல் சிமெண்ட் இல்லாமல் அடுக்கியிருந்தது. உருவினால் கையோடு வருகிற செங்கல். குழிக்குள் எட்டி வால்வைத் தொட்டேன். விரலில் கிரீஸ் ஒட்டியது. இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்த வால்வுக்குப் புது கிரீஸ்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பின்பக்கச் செங்கலுக்கு சிமெண்டே இல்லையே?"

"கொத்தன் செஞ்ச வேல தாயி. நானா கரண்டி பிடிச்சேன்?"

"வால்வு அங்கனதான் இருக்குன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்லா? பொறவு ஏன் இத்தன மாசம் சொல்லல?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தார். கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, பாவம் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"நீ கேக்கவே இல்லையே தாயி."

உடம்பெல்லாம் எரிந்தது. "நான் கேக்கல. சரி. காலிக் குடம் வரிசையில நின்னுச்சே, லாத்தா பத்து எட்டுக்கு ஒருக்க கொடத்தக் கீழ வச்சி வச்சி நடந்தாவளே, அது ஒங்களக் கேக்கலையா? கூப்பிடாமலே எங்க எழவுக்கு வந்திய. தண்ணிக்கு மட்டும் கூப்பிடணுமாக்கும்?"

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளே பார்த்து, "தாயிக்கு ஒரு மோர் கொண்டாங்க" என்றார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். எங்கெங்கே அவர் பெயர் போட்ட கல் நின்றதோ அங்கெல்லாம் நின்று தட்டிப் பார்த்தோம். சிரிக்காதீர்கள், பல கல்லுக்கு அடியில் குழி இருக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக உடைத்துத் திறந்து, உள்ளே இருந்த வால்வுக் குழிக்கு மூடி போட்டோம். எதிரே இருந்த சுவர்களில் நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதினோம், 'வால்வு இங்கே' என்று, பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டே போவார்கள். என் பதவிக் காலத்தில் நான் செய்த வேலை என்ன என்று கேட்டால் அந்த நீல எழுத்தைத்தான் காட்டுவேன். திறப்பு விழா வைக்கவில்லை. கல்லும் வைக்கவில்லை.

லாத்தா என்னிடம் வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒருநாள் கிழிந்த பாவாடையைக் கொண்டுவந்து மிஷின் மேல் போட்டார். "நாளைக்கு வேணும்" என்றார். அதிலேயே எல்லாம் சரியாகிவிட்டது.

என் பதவிக் காலம் முடிந்த பிறகு கொஞ்ச காலம் தேர்தலே இல்லாமல் ஊராட்சி அதிகாரிகள் கையில் இருந்தது. அப்புறம் தேர்தல் வந்தது. அண்ணாச்சியின் போஸ்டரில் பிளந்த கல்லும் கடப்பாரையுமாக அவர் நிற்கிற படம். 'தன் பெயரை உடைத்துத் தண்ணீர் தந்தவர்.' நான் செங்கல்லையும் கிரீஸையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "உள்ளதுதான்க்கா. ஆனா விவரமான ஆளு வேணும்லா" என்றார்கள். அவர் ஏமாற்றத் தெரிந்தவர் என்பது அவர்களுக்கும் தெரிந்தேதான் இருந்தது. அதையும் விவரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பதவி ஏற்றதும் அவர் செய்த முதல் வேலை ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்தது. பொங்கலுக்கு ஊர் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். நீல எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூடிகளின் மேல் மண் அள்ளிப்போட்டு மட்டம் செய்திருந்தது. நான் நடுத்தெருவில் நின்று பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. கடைக்குப் போய் ஒரு டின் நீலப் பெயிண்ட் வாங்கினேன். லாத்தாவையும் கூட்டிக்கொண்டு, ஏணியை எடுத்துக்கொண்டு, எங்கள் தெரு முனையில் இருந்தே ஆரம்பித்தேன். நல்ல வெளிச்சத்தில், ஊர் பார்க்க.

மேல்படியில் நின்று முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏணி லேசாக ஆடியது, உடனே ஆட்டம் நின்றது. கீழே பார்த்தேன். யாரும் கூப்பிடாமல் அவர் வந்திருந்தார். முதுகில் இருந்த கையை எடுத்து, இரண்டு கையாலும் ஏணியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"எழுது தாயி. நான் பிடிச்சிக்கிடுதேன். ஏணி பிடிக்கவும் அனுபவம் வேணும்லா" என்றார்.

நான் பிரஷை டின்னில் போட்டேன். ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினேன். அவர் கையை எடுக்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு இடுப்பு தேய்ந்த லாத்தாவைக் கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் மேலே ஏறினேன்.